எண் ஒன்று ஆயில்யம், எண் இரண்டு மகம்

அத்தியாயம் 14

போன வாரம் நாம் பிரம்மநாயகியை விட்டுவிட்டு வந்தபோது அவள் சந்தோஷமாக இருந்தாள். இருபத்தேழு வயதுப் பெண்ணை இரண்டு வாரம் சேர்ந்தாற்போலச் சந்தோஷமாக இருக்கவிட்டால், கதை எழுதுகிறவள் பத்திரிகை ஆபீசுக்குப் பதில் சொல்லி மாளாது. அதனால் இந்த வாரம் வெள்ளிக்கிழமையைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு நாலு வரி. நாயகிக்கு ஆயில்ய நட்சத்திரம். ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்று எந்தப் புண்ணியவான் சொல்லி வைத்தானோ, ஆறு வருஷமாக வந்த வரன்கள் அந்தச் சொல்லைக் கேட்டதும் காப்பியைக்கூட முழுசாகக் குடிக்காமல் எழுந்து போனார்கள். இப்போது கல்லிடைக்குறிச்சியிலிருந்து, அதுவும் மாமியார் குத்துக்கல்லாட்டம் இருக்கிற வீட்டிலிருந்து, ஜாதகம் நன்றாகப் பொருந்துகிறது, வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பெண் பார்க்க வருகிறோம் என்று சேதி வந்திருந்தது.

"நட்சத்திரம் பாக்காத நல்ல மனுஷங்க" என்றான் அண்ணன் குமரகுருபரன். நாயகி அதை நம்பினாள். நம்பத்தானே செய்வாள், பாவம்.

டவுனில் ரத வீதியை ஒட்டிய சந்தில் மூன்றாவது வீடு அவர்களுடையது. வாசல் பலகையில் 'கம்ப்யூட்டர் ஜாதகம், பத்தே நிமிடத்தில்' என்று எழுதி, அதன் கீழே 'செருப்பை வெளியே விடவும்' என்றும் எழுதியிருக்கும். முன்னறை ஜன்னலைச் சாத்தி, தூசி வராமல் இடுக்கிலெல்லாம் துணியை அடைத்து, மிஷினை வைத்திருந்தார்கள். காலையில் உள்ளே போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் நாயகி வெளியே வருவாள். வெயில் படாததால் நிறம் கூடியிருக்கிறது என்று பார்க்கிறவர்கள் மெச்சிக்கொள்வார்கள்.

அப்பா ஐயம்பெருமாள் பிள்ளைக்கு, வாழ்க்கையில் தான் வாங்கியதிலேயே உருப்படியான சாமான் எது என்று பேசுவதுதான் பொழுதுபோக்கு. ஜாதகத்துக்குக் காத்திருக்கிறவர்கள் யாரும் அவரிடமிருந்து தப்ப முடியாது.

"தொண்ணூத்தி மூணுல மதுரைக்குப் போயி பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கினேன், பாத்துக்கிடுங்க. கற்பூரம் காட்டி உள்ள கொண்டுவந்தோம். ரெண்டாம் நாளே கரண்டு போயி படுத்துட்டு. சரின்னு யூபிஎஸ் வாங்கினேன். பொறவு பிரிண்டர். அவ்வளவும் கோயில் யானை மாதிரி தின்னுட்டு சும்மா நின்னுது. தொண்ணூத்தஞ்சுல இந்த ஜாதக சாஃப்ட்வேரை வாங்கினேன் பாருங்க, அன்னைக்குப் பிடிச்சுது."

ஒரு நாள் யூபிஎஸ்தான் சிறந்தது என்பார். மறுநாள் சாஃப்ட்வேர் என்பார். மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற குமரகுருபரன், "கலர் மானிட்டர்தாம்ப்பா சுத்த தண்டம்" என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போவான். அம்மா இருந்தவரை, கிரைண்டர்தான் சிறந்தது என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். இப்போது அதுவும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் நாயகி தலைக்குக் குளித்து, ஈரத் தலையைத் துண்டால் முடிந்துகொண்டு மிஷினைப் போட்டாள். போட்டு ஐந்து நிமிஷம் ஆகவில்லை, நாலு வீடு தள்ளி இருக்கிற பிச்சம்மாள் செருப்போடு உள்ளே வந்து நின்றாள். நாயகி அவள் காலைப் பார்த்தாள். பிச்சம்மாளுக்கு அது தெரியவே இல்லை.

"நாயகி, புதன்கிழமை எங்க சுப்ரஜாவுக்கு ஜாதகம் அடிச்சுக் குடுத்தியே, இதுல என்ன நட்சத்திரம் போட்டிருக்கு? வாசி."

நாயகி தாளை வாங்கிப் பார்த்தாள். "கேட்டை, ஒண்ணாம் பாதம்."

"இருவத்திரண்டு வருஷமா அனுஷம்னு சொல்லி அவ பேருக்கு அர்ச்சனை பண்ணிட்டு வாரேன். நெல்லையப்பருக்குத் தெரியாத கேட்டை உன் மிஷினுக்கு எப்படிட்டி தெரிஞ்சுது?"

விஷயம் இதுதான். சுப்ரஜாவின் பழைய ஜாதகத்தைக் கரையான் தின்றுவிட்டது. நாளும் நேரமும் சொல்லிப் புது ஜாதகம் வாங்கிய பிச்சம்மாள், எழுத்துத் தெரியாதவள், அதை அப்படியே மடித்துத் தரகரிடம் கொடுத்துவிட்டாள். தரகர் கொண்டுபோனது கல்லிடைக்குறிச்சியில் ஒரு நல்ல இடத்துக்கு. மாப்பிள்ளை அந்த வீட்டில் இரண்டாவது மகன். கேட்டை நட்சத்திரத்துப் பெண் வந்தால் மூத்த மகனுக்கு ஆகாது என்று தாளை நேற்றுச் சாயங்காலமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வேறு பெண் பார்க்கப் போகிறார்களாம்.

"அவ நேத்திலிருந்து சுவத்தைப் பாத்துப் படுத்துக் கெடக்கா" என்றாள் பிச்சம்மாள். "வெறும் பச்சைத்தண்ணி கூட இறங்கல்ல."

நாயகிக்கு அந்தச் சுவரைத் தெரியும். அவளும் அப்படி ஆறு தடவை படுத்திருக்கிறாள்.

அவள் தாளின் அடியைப் பார்த்தாள். எப்போதும் பார்க்காத இடம் அது. பஞ்சாங்கம் இரண்டு வகை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒன்று வாக்கியம், மற்றது திருக்கணிதம். இரண்டுக்கும் நட்சத்திரம் மாறுகிற நேரம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அந்த இடுக்கில் பிறந்த பிள்ளைகளுக்குத்தான் வம்பு. இவர்கள் வீடுகளில் காதுகுத்து முதல் கல்யாணம் வரை எல்லாம் வாக்கியம்தான். சாஃப்ட்வேர் வாங்கிய அன்று, வாக்கியமா திருக்கணிதமா என்று அது கேட்டது. நாயகி ஒன்றாம் எண்ணை அழுத்தினாள். யாராவது மாற்றுகிறவரைக்கும் அது அப்படியேதான் இருக்கும். எந்த எண் என்று ஒவ்வொரு தாளின் அடியிலும் பொடி எழுத்தில் விழும். ஆனால் ஜாதகத் தாளில் மஞ்சள் கரையும் பூவும் முன்பே அச்சடித்திருப்பதால், அந்த வரி பூவுக்குள் போய் மறைந்துவிடும்.

அவள் தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். பூவுக்குள் இரண்டு என்று இருந்தது.

மறுபடி நாளையும் நேரத்தையும் அடித்து, ஒன்றாம் எண்ணில் போட்டுப் பார்த்தாள். அனுஷம், நாலாம் பாதம்.

"மிஷின் தப்பா போட்டுட்டா?"

"மிஷின் தப்புப் பண்ணல்ல, சித்தி. இதுல எண்ணை மாத்திருக்காங்க." சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது.

புதுத் தாளை அடித்துக் கொடுத்தாள். பிச்சம்மாள் அதை வாங்கவில்லை.

"வெறும் தாளை மாத்திக் கொண்டுபோனா, காசைக் குடுத்து மாத்திட்டு வந்துட்டாள்னு சொல்லுவாக. நீ கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. தப்பு எங்களுது, எண்ணு மாறிட்டு, பொண்ணு அனுஷம்தான்னு எழுது. அவுக அப்பா ஆபீஸ் விட்டு வந்ததும் சாயங்காலம் செங்கோட்டை பாசஞ்சர்ல போவோம். நாலரைக்கு வந்து வாங்கிக்கிடுதேன்."

நாலரை என்றால் பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டில் இருப்பார்கள். ஆனாலும் தலையை ஆட்டினாள்.

பிச்சம்மாள் போனதும் அவள் முதலில் எண்ணியது, இந்த வாரம் எத்தனை தாள் போயிருக்கிறது என்று. செவ்வாய்க்கிழமை மதியம் வரை சரியாக இருந்தது. அதன் பிறகு கொடுத்த பதினோரு ஜாதகமும் இரண்டாம் எண்ணில் போயிருந்தன. பதினோரு வீடு.

செவ்வாய்க்கிழமை மதியம் அவள் வீட்டில் இல்லை. ராகு காலத்தில் துர்க்கை சன்னதியில் எலுமிச்சம்பழ மூடியில் விளக்குப் போடப் போயிருந்தாள். ஒன்பதாவது செவ்வாய் அது. கல்யாணம் கூடி வர ஒன்பது செவ்வாய் போடச் சொல்லியிருந்தார்கள்.

அவள் தன் ஜாதகம் இருக்கிற ஃபைலைத் தேடினாள். கடைசியாகத் திறந்த நாள், செவ்வாய். நேரம், மூன்று நாற்பது.

திறந்தாள். ஒன்றாம் எண்ணில் ஆயில்யம், நாலாம் பாதம். இரண்டாம் எண்ணில் மகம், ஒன்றாம் பாதம்.

ஆக, கல்லிடைக்குறிச்சிக்குப் போனது மகம். நட்சத்திரம் பாக்காத நல்ல மனுஷங்க. நாயகி அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை, அசிங்கமாக இருந்தது. மூன்று நாளாக அவள் கண்ணாடி முன்னால் நின்ற நேரத்தையெல்லாம் நினைத்து அசிங்கமாக இருந்தது.

குமரகுருபரன் பன்னிரண்டரைக்குச் சாப்பிட வந்தான். கரண்டு போயிருந்தது. யூபிஎஸ் கொஞ்ச நேரம் கத்திவிட்டு அடங்கியிருந்தது. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் இலையைப் போட்டு, சோற்றை வைத்து, குழம்பை ஊற்றியபிறகு நாயகி கேட்டாள்.

"அண்ணே, செவ்வாய்க்கிழமை மிஷினைத் தொட்டியா?"

அவன் குழம்பைப் பிசைந்துகொண்டே இருந்தான். பொய் சொல்ல வராத முகம் அவனுக்கு. மருந்து விற்கிறவனுக்கு அது பெரிய குறை.

"தொட்டேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியாதா? ஒரு எண்ணை மாத்தினா நீ மகம். ஆறு வருஷமா ஒத்தை எண்ணுல கெடந்து சாவுதோம். அந்தச் சாஃப்ட்வேர்லயே ரெண்டு எண்ணும் இருக்குல்லா? நானா எழுதினேன்? திருக்கணிதம் பாக்கிறவங்க நாட்டுல இல்லையா? அதுல நீ மகம்தான். நான் பொய் சொல்லல்ல."

"பொறவு ஏன் எண்ணைத் திருப்பி ஒண்ணுல வைக்கல்ல?"

அவன் கை நின்றது. "வைக்கலையா?"

"வைக்கல்ல. பதினோரு பேருக்கு அப்படியே குடுத்திருக்கேன். பிச்சம்மா சித்தி மகளைக் கேட்டையாக்கி, கல்யாணத்தை நிறுத்திட்டோம்."

"மறந்துட்டேன், நாயகி" என்றான். அது உண்மை. மறந்துதான் போனான். சந்தோஷத்தில் மறந்தான்.

ஐயம்பெருமாள் பிள்ளை குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு இது புதுச் செய்தி இல்லை என்று நாயகிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"அப்பா, உங்களுக்கும் தெரியுமா?"

"சோத்தைத் தின்ன விடு முதல்ல" என்றார். பிறகு மோருக்குக் கையைக் காட்டினார். "தெரியும். அந்தப் பிள்ளைக்குப் புதுத் தாளைக் குடுத்திரு, வேண்டாம்னு சொல்லல்ல. ஆனா எழுத்து கையெழுத்துன்னு ஒண்ணும் வேண்டாம். மிஷின் தப்புன்னு நாமளே எழுதிக் குடுத்தா, நாளைக்கு ஒரு ஈ காக்கா இந்த வாசப்படி ஏறாது."

"மிஷின் தப்புன்னு எழுதல்லப்பா. நாம எண்ணை மாத்திட்டோம்னு எழுதணும்."

"எழுது. கல்லிடைக்குறிச்சில சுப்ரஜாவைக் கேட்ட வீடு எது தெரியுமா? இன்னைக்கு உன்னைப் பாக்க வார பகவதியம்மா வீட்டுக்கு நாலாவது வீடு. செவ்வாய்க்கிழமையிலிருந்து எண்ணு மாறிட்டுன்னு நீ எழுதின தாள் ராத்திரிக்குள்ள அந்தம்மா கைக்குப் போயிரும். நம்ம ஜாதகம் என்னைக்குப் போச்சு? செவ்வாய்க்கிழமை. ரெண்டும் ரெண்டும் நாலுன்னு கணக்குப் போடத் தெரியாதவளா அவ?"

நாயகியும் கணக்குப் போட்டாள். தாளில் கையெழுத்துப் போட்டால் தன் கல்யாணம் போகும். போடாவிட்டால் சுப்ரஜாவின் கல்யாணம் போகும். இடையில் நடக்க ஒரு சந்துகூட இல்லை.

"சுப்ரஜாவுக்கு என்ன வழி?"

"அதுக்கு இருவத்திரண்டுதான ஆகுது. வேற இடம் வரும்."

"எனக்கும் இருவத்திரண்டு வயசுல அப்படித்தாம்ப்பா சொன்னீங்க."

அப்பா மோரை எடுத்துக் குடித்தார். அண்ணன்தான் பேசினான். இவ்வளவு மெதுவாக அவன் பேசி நாயகி கேட்டதில்லை.

"எனக்கு முப்பத்தொண்ணு. நீ போனாத்தான் எனக்குப் பொண்ணு பாப்பாக. அதை ஒரு நாளாவது உங்கிட்ட வாயை விட்டுச் சொல்லிருக்கேனா? இந்த ஒரு தடவை சும்மா இரு, தாயீ. கழுத்துல தாலி ஏறிட்டா பொறவு யாரு நட்சத்திரத்தைக் கேக்கப் போறா?"

"கோயில்ல கேப்பாங்க, அண்ணே. அர்ச்சனைக்கு என்ன நட்சத்திரம் சொல்ல?"

"மகம்னு சொல்லு."

"எத்தனை வருஷத்துக்கு?"

அவன் அப்பளத்தை நொறுக்கினான். தின்னவில்லை.

கை கழுவப் போகும்போது அப்பா திரும்பி நின்றார். "இன்னொண்ணு. அவுக வந்தா நானே பேசிக்கிடுதேன். கல்யாணத்துக்குப் பொறவும் வாரத்துக்கு மூணு நாள் நீ இங்கன வந்து மிஷினைப் பாத்துட்டுப் போகலாம். காலைல பஸ் ஏறினா ஒரு மணி நேரம். நல்ல மனுஷங்கன்னா விடுவாக."

அவர் நல்லபடியாகத்தான் சொன்னார். தன் மகளுக்கு வழி செய்து வைத்திருக்கிற திருப்தி முகத்தில் தெரிந்தது. நாயகி இலைகளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். கல்யாணம் நடந்தாலும் இந்த அறை தன்னை விடாது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

இரண்டு மணியிலிருந்து மூன்றரை வரை அவள் மிஷின் அறையில் உட்கார்ந்திருந்தாள். கரண்டு இல்லை, ஃபேன் இல்லை. ஜன்னலைத் திறக்கலாம் என்றால் துணியையெல்லாம் பிடுங்க வேண்டும். முன்னால் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் இருந்தன. ஒரு எழுத்து விழவில்லை. அவளுக்கும் கல்யாணம் வேண்டும்தான். ஆறு வருஷமாக வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லாமல் இருந்ததால் அது குறைந்துவிடவில்லை.

நாலு மணிக்குச் சரியாக ஆட்டோ வந்து நின்றது. பகவதியம்மாள் பெரிய உடம்பு, நெற்றி நிறையத் திருநீறு, இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் படி ஏறினாள். பின்னால் மகன் மந்திரமூர்த்தி. கங்கைகொண்டான் பக்கம் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர், முப்பத்து மூன்று வயது. வந்தவர் கும்பிட்டார், உட்கார்ந்தார், அவ்வளவுதான். பேச்செல்லாம் அம்மாதான்.

நாயகி பட்டுச்சேலையில் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். பகவதியம்மாள் அவளைப் பாடச் சொல்லவில்லை, நடக்கச் சொல்லவில்லை. "அந்த மிஷினைக் காட்டு" என்றாள்.

அப்பாவுக்கு வேறு என்ன வேண்டும்? மதுரையிலிருந்து ஆரம்பித்தார். யூபிஎஸ் வரைக்கும் வந்தபோது பகவதியம்மாள் குறுக்கே கேட்டாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை பேர் வாராக?"

"முகூர்த்த மாசம்னா பத்துக்குக் குறையாது."

"உங்க மகளைத் தவிர வேற யாருக்கு இதை ஓட்டத் தெரியும்?"

"யாருக்கும் ஒழுங்காத் தெரியாது. எல்லாம் இவதான்" என்றார் அப்பா பெருமையாக. பகவதியம்மாள் தலையை ஆட்டிக்கொண்டாள். வாரத்துக்கு மூணு நாள் பேச்சை எடுக்க அவர் தொண்டையைச் சரிசெய்தார்.

"நாயகி, எழுதிட்டியா?"

வாசலில் பிச்சம்மாள். கையில் ரயிலுக்குக் கட்டின பை. இந்தத் தடவை செருப்பை வெளியே விட்டிருந்தாள்.

குமரகுருபரன் எழுந்துவிட்டான். "சித்தி, கொஞ்சம் பொறுத்து வாங்க. வீட்டுல ஆளுங்க வந்திருக்காங்க."

"பாசஞ்சர் எனக்காக நிக்குமாப்பா? ஒத்தை நிமிஷம், வாங்கிட்டுப் போயிருதேன்."

அவள் நாயகியைத்தான் பார்த்தாள். நாயகி அவள் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். கோபம் இல்லை, நம்பிக்கை இருந்தது.

நாயகி மிஷின் மேஜைக்குப் போய், நின்றபடியே தாளை இழுத்து எழுதினாள். அப்பா இரண்டு தடவை செருமினார். எழுதி, கீழே பெயரைப் போட்டு, மறுபடி படித்துப் பார்த்து, ஒரு சொல்லை அடித்துவிட்டு அதன் மேலே வேறு எழுதினாள். மடித்து பிச்சம்மாள் கையில் கொடுத்தாள்.

பிச்சம்மாள் மடிப்பைப் பிரித்து அவளிடமே நீட்டினாள். "வாசிச்சுக் காட்டிரு, தாயீ. போன தடவை வாசிக்காமக் கொண்டுபோயித்தான் இந்தப் பாடு."

எழுத்துத் தெரியாதவள் கேட்கிறாள். நியாயமான பேச்சு. நாயகி அத்தனை பேருக்கும் நடுவில் நின்று வாசித்தாள்.

"செவ்வாய்க்கிழமை மாலை மூன்றரை மணி முதல் எங்கள் கம்ப்யூட்டரில் வாக்கியக் கணிதம் மாற்றப்பட்டு, திருக்கணிதத்தில் இருந்தது. அது எங்கள் தவறு. அதன் பிறகு இந்த வீட்டிலிருந்து போன பன்னிரண்டு ஜாதகங்களும் வாக்கியப்படி சரியானவை அல்ல. சுப்ரஜாவின் நட்சத்திரம் அனுஷம். இப்படிக்கு, ஐ. பிரம்மநாயகி."

"நல்லா இரு" என்று தாளை முந்தியில் முடிந்துகொண்டு பிச்சம்மாள் போய்விட்டாள்.

"மத்தியானம் பதினொண்ணுன்னுதான சொன்னே" என்றான் குமரகுருபரன், தன்னை மறந்து. சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பகவதியம்மாள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். "பன்னெண்டாவது யாருது?"

"என்னுது, அத்தை" என்றாள் நாயகி. "நான் மகம் இல்லை. வாக்கியத்துல ஆயில்யம், நாலாம் பாதம்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அண்ணன் ஏதோ சொல்ல வந்தான். பகவதியம்மாள் கையைக் காட்டி அவனை உட்காரச் சொன்னாள்.

"எனக்கு அறுவத்தி மூணு" என்று ஆரம்பித்தாள். "சர்க்கரை இருக்கு. ரத்தக் கொதிப்பு இருக்கு. போன ஐப்பசில ஆத்துக்குக் குளிக்கப் போயி, படித்துறைல வழுக்கி விழுந்து இடுப்பை ஒடிச்சேன். அப்பம் எங்க வீட்டுல எந்த ஆயில்யமும் இல்லை. நானாத்தான் விழுந்தேன். ஊரு கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன். உள்ளதைச் சொன்ன பிள்ளை எனக்குப் போதும்."

நாயகிக்குக் கண் நிறைந்துவிட்டது. காலையிலிருந்து வராத அழுகை இப்போது வந்தது. சேலை முந்தியை வாயில் வைத்து அடக்கிக்கொண்டாள். குமரகுருபரன் சட்டையாலேயே முகத்தைத் துடைத்தான்.

"எங்களுக்கு நகை வேண்டாம், பாத்திரம் பண்டம் வேண்டாம்" என்று பகவதியம்மாள் தொடர்ந்தாள். "மில்லுல இவனுக்கு இப்பம் வாரத்துக்கு மூணு நாள்தான் வேலை. எங்க வீட்டு முன்னறை ரோட்டைப் பாத்துச் சும்மாதான் கெடக்கு. ஒத்தை ஜன்னல்தான், சாத்திட்டா தூசி வராது. பொண்ணை இந்த மிஷினோட அனுப்பிருங்க. அது போதும்."

"மிஷின் இங்கனயிருந்து நகராது" என்றார் ஐயம்பெருமாள் பிள்ளை.

யோசித்துச் சொன்ன பேச்சு இல்லை. அதுவாக வாயிலிருந்து வந்துவிட்டது.

"அப்பா" என்றான் குமரகுருபரன்.

"நான் பாத்துப் பாத்து ஒண்ணொண்ணா வாங்கினது. பொண்ணைத் தாராளமாக் கூட்டிட்டுப் போங்க. மிஷின் இங்கனதான் இருக்கும். வேணும்னா வாரத்துக்கு மூணு நாள் அவ வந்து போகட்டும்."

"மூணு நாள் இங்கன வந்துட்டா, எங்க வீட்டு முன்னறைல யாரு உக்காருவா?"

"அப்பம் ரெண்டு நாள்."

"பிரிண்டரையாவது குடுங்க. வேற கம்ப்யூட்டர் நாங்க பாத்துக்கிடுதோம்."

"பிரிண்டர் இல்லாம இதை வச்சு நான் என்ன செய்ய?"

இரண்டு பேரும் நல்ல மனுஷர்கள். இரண்டு பேரும் அவள்மேல் பிரியமாகத்தான் இருந்தார்கள். பிரிண்டருக்கும் யூபிஎஸ்சுக்கும் நடுவில் நின்றுகொண்டு நாயகி அந்தப் பேரத்தைக் கேட்டாள். சாத்தின ஜன்னலிலிருந்து சாத்தின ஜன்னலுக்கு ஒரு மணி நேரப் பஸ். அதில் வாரத்துக்கு எத்தனை நாள் என்பதுதான் இப்போது பாக்கி.

"அத்தை" என்றாள். குரல் அவளுக்கே சத்தமாகக் கேட்டது. "மிஷின் இங்கனயே இருக்கட்டும். அங்கனயும் எனக்கு அது வேண்டாம். இனிமே இங்கன வந்தும் நான் உக்கார மாட்டேன். நான் மட்டும் வாரேன். ஏத்துக்கிடுவீங்களா?"

பகவதியம்மாள் மகனைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். தெருவில் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். பகவதியம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "பேசி அனுப்புதோம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனாள். பெண் பார்க்க வந்தவர்கள் பேசி அனுப்புகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று ஆறு வருஷத்தில் நாயகிக்கு மனப்பாடம்.

மந்திரமூர்த்தி அம்மாவோடு போகவில்லை. நாலு மணியிலிருந்து வாயைத் திறக்காத மனிதர், நாயகிக்கு எதிரே வந்து நின்றார்.

"மிஷின் இல்லாம உங்களுக்கு வேற என்ன செய்யப் பிடிக்கும்?"

கேலியா, அக்கறையா என்று அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. நாயகி பதில் சொல்ல வாயெடுத்தாள். ஒன்றும் வரவில்லை. இருக்கிறது, எங்கேயோ இருக்கிறது, ஆனால் இந்த நிமிஷத்தில் கைக்கு அகப்படவில்லை. முகம் சிவந்து, கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அம்மாவுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"யோசிச்சு வைங்க. அடுத்த வெள்ளிக்கிழமை நான் மட்டும் வாரேன்."